அனுஷத்துப் பெண்பிள்ளைக்கு ‘ந’வில் இலக்கியப் பெயர்

பாலையூற்று | யூன் 6, இரவு 9.40

அக்காவுக்குப் பெண்பிள்ளை. வைகாசி விசாகத்துக்கு அடுத்த நாள், அனுஷம் 2ஆம் பாதம். சாத்திரியார் தந்த எழுத்து ‘நி’. வீட்டில் ந, நி, நு, நே நான்கில் எதுவும் சம்மதம். துடக்குக் கழிக்கிறது மாதக் கடைசியில், அன்றைக்கே பெயரும் வைக்க வேணும். இப்போது கையில் உள்ளவை நந்தினி, நறுமுகை, நித்திலா. அம்மம்மா நளாயினி என்கிறா. பெயர் உண்மையிலேயே தமிழ் இலக்கியத்தில் இருக்க வேணும், திருகோணமலையோடு ஒரு தொடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. இணையத்துப் பெயர்ப் பட்டியல்களில் எல்லாவற்றுக்கும் ‘சங்ககாலப் பெயர்’ என்று போட்டிருக்கிறார்கள், நம்ப முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உவர்மலை | யூன் 6, இரவு 11.05

தம்பி, அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கோ. யாழினியையும் அதில் சங்ககாலம் என்றுதான் போட்டிருப்பார்கள். யாழ் சங்க நூல்களில் நிறைய உண்டு, யாழினி என்று ஒருத்தி அங்கே இல்லை. அழகான பெயர், ஆனால் நம் காலத்தில் ஆக்கியது.

ஒரு பெயர் இலக்கியத்தில் இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். அந்தச் சொல் நூலில் ஆளின் பெயராக வருகிறதா, வெறும் பொருட்பெயரா, அடைமொழியா? ஆளின் பெயரென்றால் அந்த ஆளுக்கு என்ன நடந்தது? நூலின் சொல் எது, பின்னால் வந்த கதை எது? மூன்றாவதற்கு உதாரணம் அங்கவை, சங்கவை. புறநானூறு 112, ‘அற்றைத் திங்கள்’, பாரி மகளிர் பாடியது என்றுதான் இருக்கிறது. இரண்டு பேரின் பெயரும் சங்க நூலில் இல்லை, பிற்காலத் தனிப்பாடல் வழியாக வந்தவை.

உங்கள் நாலு பெயரையும் இப்படிப் பார்ப்போம்.

நந்தினி: காளிதாசரின் இரகுவம்சத்தில் வசிட்டரின் பசு. திலீபன் பிள்ளைவரம் வேண்டி அதை மேய்த்தான். நல்லூர் அரசகேசரி அந்தக் காவியத்தைத் தமிழில் இரகுவமிசமாகப் பாடினார், ஆகவே ஈழத்துத் தொடர்பு உண்டு. ஆனால் இன்று நந்தினி என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது கல்கியின் பொன்னியின் செல்வன், 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் அவள் பழிவாங்கத் துடிக்கிற பழுவூர் இளையராணி. வலுவான பாத்திரம்தான். ‘ஆரைப் பார்த்து வைத்தது?’ என்று பிள்ளை கேட்கும்போது எந்த நந்தினி என்று சொல்லத் தெரிந்திருக்க வேணும்.

நறுமுகை: மணமுள்ள மொட்டு. சொல் பழையது, பெயராகப் பரவியது திரைப்பாடலுக்குப் பிறகு. எழுத்திலும் ஒரு இடர் உண்டு, றகரம். ‘நருமுகை’ என்று தட்டச்சு செய்து தருவார்கள்.

நளாயினி: அம்மம்மாவின் தலைமுறையில் ஈழத்தில் நிறையப் பேருக்கு இருந்த பெயர். தொழுநோய்க் கணவனுக்கு முகம் சுளிக்காமல் பணி செய்தவள், மறுபிறப்பில் பாஞ்சாலி. பொறுமையைப் போற்றுகிற கதை. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அந்தச் சுமையை ஏற்றலாமா என்று தாய்தகப்பன்தான் முடிவெடுக்க வேணும்.

நித்திலா: நித்திலம், முத்து. சங்கப் பாட்டு முதல் தேவாரம் வரை வரும். பொருட்பெயர், ஒரு கதைமாந்தரின் பெயர் அல்ல. அதனால் கெட்ட கதையும் ஒட்டியிருக்காது. என் வாக்கு இதற்கு. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், தம்பலகாமத்தார் முந்தாவிட்டால்.

தம்பலகாமம் | யூன் 7, காலை 6.20

முந்திவிட்டேன். சம்பந்தர் தேவாரம், மூன்றாம் திருமுறை, 123ஆம் பதிகம். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் காதில் விழுந்த பாட்டு. முதல் பாட்டின் கடைசி வரி:

‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலைஅமர்ந் தாரே’

இரைகிற கடலின் அலை முத்தைக் கொழித்துத் தள்ளுகிற கோணமாமலை. திருகோணமலைப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான வரி எங்கே கிடைக்கும்? அதே பாட்டின் முதல் வரியைப் பாருங்கோ, ‘நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும் நிமலர் நீறணி திருமேனி’. நிமலர்! அனுஷம் இரண்டாம் பாதத்துக்கு ஒரே பாட்டில் இரண்டு பெயர்: நித்திலா, நிமலா. ஆண்பிள்ளை என்றால் நித்திலன், நிமலன்.

சம்பூர் | யூன் 7, காலை 8.00

வரி அழகு. ஒரு சந்தேகம். முத்துக்குளிப்பு மன்னார்ப் பக்கம்தானே? சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்று பாடியதாகச் சொல்வார்கள். கடல் என்றால் முத்து என்று வழக்கத்துக்குச் சொல்லியிருக்கலாம். ‘எங்கள் ஊர் முத்து’ என்று பிள்ளைக்குச் சொன்னால் பிழையாகாதா?

தம்பலகாமம் | யூன் 7, மதியம் 12.45

பிழையாகாது. தம்பலகாமக் குடாவிலும் முத்து எடுத்திருக்கிறார்கள். மன்னாரில் எடுக்கிற சிப்பி வேறு, இங்கே குடாச் சேற்றில் கிடக்கிறது வேறு: கண்ணாடி மாதிரி மெல்லிய, தட்டையான, வெளிச்சம் ஊடுருவுகிற சிப்பி. அதன் முத்து சின்னது, விலையும் குறைவு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அந்தக் குடாவைக் குத்தகைக்கு விட்டார்கள். சம்பந்தர் இதை நினைத்துப் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. கடல்வளத்தைப் பாடுகிற மரபு வரிதான், அதில் உங்களோடு உடன்பாடு. ஆனால் கோணமலைக் கடலில் முத்து இல்லை என்று ஆரும் சொன்னால் பிள்ளைக்குப் பதில் இருக்கிறது.

கிண்ணியா | யூன் 7, பின்னேரம் 4.30

பெயர் எதுவென்றாலும் பதிவுக் கணக்கைப் பாருங்கோ தம்பி. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேணும். துடக்குக் கழிக்கிற 31ஆம் நாளில் பெயர் வைத்தால் மிஞ்சுவது 11 நாள், அதற்குள் சனி ஞாயிறும் போயாவும் வரும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்குத் தனி விண்ணப்பம், சத்தியக்கூற்று, கூடுதல் அலைச்சல். பெயர் முடிவாகவில்லை என்று பதிவையே பிற்போட வேண்டாம். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு உட்சேர்க்க விண்ணப்பிக்கலாம். 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேணும். ஆனால் அது இன்னொரு தரம் பிரதேச செயலகத்துக்கு நடக்கிற வேலை. ஒரே நடையில் முடிக்கிறது நல்லது.

போகும்போது பெயரைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கோ, தமிழிலும் ஆங்கிலத்திலும். வாயால் சொல்லாதேங்கோ. பதிவாளர் எழுதி முடித்ததும், கையொப்பம் வைக்க முன் மூன்று கூட்டத்தைச் சரிபாருங்கோ: ல ள ழ, ந ன ண, ர ற. ‘நித்திளா’ என்று ஒரு தரம் ஏறிவிட்டால் திருத்தப் படாதபாடு.

பாலையூற்று | யூன் 7, இரவு 8.15

நன்றி அக்கா, நன்றி சேர். வீட்டில் பதிகத்தை வாசித்துக் காட்டினேன், நித்திலா முன்னுக்கு வந்துவிட்டது. ஆனால் அத்தான் தமிழ் வாத்தியார். ‘பொருட்பெயர் வேண்டாம், புலவர் பெயர் வேணும்’ என்கிறார். ‘ந’வில் பெண்பாற் புலவர் இருக்கிறார்களா?

உவர்மலை | யூன் 7, இரவு 10.50

இருக்கிறார்கள், ஒருத்தர் இல்லை மூன்று பேர். அத்தானிடம் கொடுங்கோ.

நச்செள்ளை: காக்கைபாடினியார் நச்செள்ளையார். குறுந்தொகை 210இல் விருந்து வரக் கரைந்த காக்கைக்குச் சோறு வைக்கிற பாட்டு இவருடையது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் இவர் பாடியதே, ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் மீது.

நக்கண்ணை: பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார். புறநானூறு 83, 84, 85. தான் விரும்பிய வீரனைத் தன் வாயாலேயே பாடியவர்.

நன்முல்லை: அள்ளூர் நன்முல்லையார். குறுந்தொகையில் பல பாட்டு, புறநானூற்றிலும் உண்டு.

முதல் இரண்டு பெயரிலும் முன்னால் நிற்கிற ‘ந’ நன்மைப் பொருள் தருகிற ஒட்டு. நக்கீரர், முல்லைப்பாட்டுப் பாடிய நப்பூதனார், ஆண்டாள் ‘நந்தகோ பாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று எழுப்புகிற நப்பின்னை எல்லாம் இதே வகை. பின்னால் வரும் வல்லெழுத்து இரட்டிக்கும். ‘ந’ கிடைத்த பிள்ளைக்குப் பழந்தமிழ் ஒரு பெட்டகமே வைத்திருக்கிறது.

ஆனால் வகுப்பறையை மறக்கக் கூடாது. நச்செள்ளையில் பிள்ளைகள் ‘நச்சு’ பிடிப்பார்கள், நக்கண்ணையில் ‘நக்கல்’. பன்னிரண்டு வயசில் இதைச் சுமக்கிறது அந்தப் பிள்ளைதான், நாங்கள் இல்லை. மூன்றில் நன்முல்லை ஒன்றுதான் இன்றைய பள்ளிக்கூடத்தில் காயப்படாமல் நடக்கும். வீட்டில் முல்லை என்று கூப்பிடலாம்.

கிண்ணியா | யூன் 8, காலை 7.10

சேர் சொன்ன வகுப்பறையில் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள், வேலைக்குப் போனால் இன்னும் கூட. ஆகவே சிங்களத்தில் எப்படி விழுகிறது என்றும் கேட்டுப் பார்க்க வேணும். நங்கை என்று ஆரும் யோசித்தால் அது ‘நங்கி’ ஆகிவிடும், தங்கச்சி. மல்லி என்று வைத்த பெண்பிள்ளை தம்பி ஆவாள். தத்தை ‘தாத்தா’வுக்குக் கிட்ட, அங்கே தாத்தா என்றால் அப்பா. நித்திலா, நிமலா, நந்தினி மூன்றும் பிரச்சினை இல்லை. நிமலா அவர்களுக்கே பழகின ஓசை. முல்லை அங்கே மூலை ஆகும், மோசமில்லை.

சம்பூர் | யூன் 8, காலை 9.30

தத்தை என்று ஒரு பெயரா? கேட்டதே இல்லை.

தம்பலகாமம் | யூன் 8, காலை 10.15

கிளி. சீவகசிந்தாமணியில் யாழ்ப் போட்டியில் சீவகனிடம் தோற்று அவனை மணக்கிற காந்தருவதத்தை தெரியும்தானே? அதைவிட எங்கள் ஊர்த் தத்தை ஒன்று இருக்கிறது. திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தைவிடு தூது’ பாடினார், பெண்ணின் உரிமையைப் பேசுகிற தூது நூல். அதே கையால்தான் 1895இல் ‘மோகனாங்கி’ வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவல். கம்பராமாயணப் பாலகாண்டத்தைப் பதிப்பித்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை அவருடைய தமையன். பூர நட்சத்திரத்தின் முதல் பாதத்துக்கு எழுத்து ‘மோ’. ஊர்ப் பெண்பிள்ளை பூரத்தில் பிறந்தால் மோகனாங்கி என்று வைக்கலாம், கூப்பிட மோகனா. இதுவரை ஆரும் வைத்ததாகக் கேள்விப்படவில்லை என்பது எனக்குக் கவலை.

பாலையூற்று | யூன் 8, இரவு 9.00

பிள்ளை அனுஷம் ஐயா, பூரம் இல்லை! ஆனால் குறித்து வைக்கிறேன்.

அத்தானுக்கு நன்முல்லை பிடித்திருக்கிறது. அக்காவுக்கு நித்திலா. அதோடு அத்தானின் தமையன் எண்சாத்திரம் பார்க்கிறவர், நித்திலாவில் கூட்டுத்தொகை சரியில்லை, கடைசியில் இன்னொரு ‘ஏ’ போடச் சொல்கிறார். எப்படிக் கூட்டுகிறார்கள்?

உவர்மலை | யூன் 8, இரவு 11.20

ஆங்கில எழுத்துக்கு ஒவ்வொரு எண். ஏ, ஐ, ஜே, கியூ, வை 1. பி, கே, ஆர் 2. சி, ஜி, எல், எஸ் 3. டி இரண்டும் எம்மும் 4. ஈ, எச், என், எக்ஸ் 5. யூ, வி, டபிள்யூ 6. ஓ, இசட் 7. எஃப்பும் அப்பாவுக்கு வருகிற பியும் 8. இப்போது நித்திலாவைச் சுருக்கி எழுதினால் என், ஐ, டி, எச், ஐ, எல், ஏ: 5+1+4+5+1+3+1 = 20, ஒற்றை எண் 2. கடைசியில் ‘ஏ’ கூட்டினால் 21, அதாவது 3.

கவனிக்க ஒன்று உண்டு. ‘த’வுக்கு நாங்கள் எழுதுகிற டி, எச் இரண்டும் சேர்ந்தால் 4+5 = 9. ஒன்பதைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒற்றை எண் மாறாது. ‘த்த’வை இரட்டித்து டி-எச்-டி-எச் என்று எழுதினால் 29, மறுபடி 2. ஆகவே எண்ணுக்காக நித்திலாவின் தகரத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. 20க்கும் 29க்கும் தனிப்பலன் சொல்கிறவர்களும் உண்டு, அதைத் தமையனிடமே கேளுங்கோ.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் நம்புகிற வீட்டில் சண்டை பிடிக்கவும் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதேங்கோ: எண்ணுக்காக மாற்றுவது ஆங்கில எழுத்தில் மட்டும் இருக்கட்டும். தமிழில் ‘நித்திலா’ என்பது நித்திலா. அதை ‘நித்தீலா’ ஆக்கினால் சம்பந்தர் வரியோடு இருந்த கட்டு அறுந்துபோகும்.

கிண்ணியா | யூன் 9, காலை 6.50

சேர் சொன்ன சுருக்கெழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ‘டி-எச்’ போட்டால், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாற்றுகிறவர் ‘நிதிலா’ என்று எழுதுவார். பள்ளிக்கூட இடாப்பு, வங்கிப் புத்தகம், பரீட்சை அனுமதி அட்டை எல்லாவற்றிலும் இது நடக்கும். இரட்டித்தால் நீளம், ஒன்பது எழுத்து, பார்க்கக் கரடுமுரடு. ஆனால் முத்து, சித்திரா எல்லாவற்றையும் எங்கள் நாட்டில் அப்படித்தான் எழுதிப் பழக்கம், திரும்பத் தமிழுக்கு வரும்போது ‘த்த’ தப்பாது. நான் இரட்டிக்கிற கட்சி.

எதைத் தெரிந்தாலும் ஒரே நாளில் தெரிந்து, கிளினிக் கொப்பியிலிருந்து கடவுச்சீட்டு வரை ஒரே மாதிரி. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு இன்னொன்று என்று போனால் பிறகு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு திரிய வேண்டி வரும்.

தகப்பன் பெயரையும் யோசியுங்கோ. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு இடம். வெளிநாட்டில் பிள்ளையைத் தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தகப்பன் பெயர் பதினைந்து எழுத்தென்றால் பிள்ளைக்காவது சின்னப் பெயர் வையுங்கோ.

கடற்கரை வீதி | யூன் 9, மாலை 6.00

தேடியது சைவப்பிள்ளைக்கு என்று விளங்குகிறது, ஆனாலும் இங்கே வாசிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை ‘வளன்’ என்று தமிழ்ப்படுத்தினார். எபிரேயப் பெயரின் பொருள் பெருகுதல், அதற்குப் பொருந்திய தமிழ். இரண்டு எழுத்து மாதிரி நறுக்கென்று இருக்கும், மூன்று மொழியிலும் வாயில் நிற்கும். சூசை, யோசப் என்று வைக்க நினைக்கிறவர்கள் காவியப் பெயராகவே வைக்கலாம். ஞானஸ்நானப் பெயர் யோசப், பதிவில் வளன் என்று வைக்கிறதற்கும் தடையில்லை.

உவர்மலை | யூன் 9, இரவு 9.30

வளன் மிக நல்ல தெரிவு. வகரம் தமிழில் முதலாகும், னகர ஈறு ஆண்பாலைக் காட்டும்.

பாலையூற்றுத் தம்பிக்கு இன்னும் இரண்டு பெயர், ‘நே’ எழுத்துக்கு. நேரிழை: நேர்த்தியான அணி பூண்டவள் என்று சங்கப் பாடல்களில் பெண்ணைக் குறிக்கும் தொகை. நேரிசை: அப்பர் நாலாம் திருமுறையில் பாடிய திருநேரிசையை நினையுங்கோ, நேரிசை வெண்பாவையும் நினையுங்கோ. தமிழ் வாத்தியாரின் மகளுக்கு நேரிசை! வடமொழியில் குறில் எகரம் இல்லாததால் சாத்திர எழுத்தில் ‘நே’ என்று இருக்குமிடத்தில் ‘நெ’வும் அடங்கும், ஆண்பிள்ளைக்கு நெடுமான், நெடுஞ்செழியன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நெடுஞ்செழியன் என்று வைக்கிறவர்கள் சிலம்பின் ‘யானோ அரசன் யானே கள்வன்’ மட்டும் நினைத்துத் தயங்க வேண்டாம். தலையாலங்கானத்துப் போரை வென்றவனும் அந்தப் பெயர்தான், கல்வியின் சிறப்பைப் பாடிய புறநானூறு 183உம் ஒரு நெடுஞ்செழியனுடையது.

‘நு’வில் தேடி மினக்கெட வேண்டாம்.

சம்பூர் | யூன் 10, காலை 8.40

ஒரு கேள்வி. பாதம் 2 என்று உறுதியா? வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் வித்தியாசம். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள், பாதம் ஆறு மணித்தியாலம். பிறந்த நேரம் பாத எல்லைக்குக் கிட்ட என்றால் ஒன்றில் ‘நி’, மற்றதில் ‘ந’ அல்லது ‘நு’ வரும்.

பாலையூற்று | யூன் 10, மதியம் 1.00

இரண்டிலும் பார்த்தாயிற்று, 2ஆம் பாதத்தின் நடுப்பகுதி. அதோடு வீட்டில் நட்சத்திர எழுத்து போதும், பாதம் கட்டாயமில்லை.

அத்தானும் அக்காவும் இப்போது நித்திலாவில் வந்து நிற்கிறார்கள். கேட்கிற ஆட்களுக்கு ஒரு வரியில் சொல்லிக் காட்டலாம் என்பதுதான் அத்தானை மாற்றியது. நன்முல்லை அடுத்த பிள்ளைக்காம். ஆங்கிலத்தில் இரட்டைத் தகரம். நித்திலாவா நித்திலாவதியா என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது.

தம்பலகாமம் | யூன் 10, மதியம் 1.25

நித்திலா. ‘வதி’ வேண்டாம். நித்திலவதி என்றாலாவது புணர்ச்சி சரி, நித்திலாவதி இரண்டுங்கெட்டான்.

உவர்மலை | யூன் 10, இரவு 10.00

ஆமாம். தட்டச்சுப் பற்றியும் ஒரு சொல், நித்திலாவுக்கு அல்ல, அடுத்த வீடுகளுக்கு. ஔவை என்று வைக்கிறவர்கள் கவனமாக இருக்க வேணும். ‘ஔ’ கணினியில் ஒரே எழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல, கணினிக்கு வேறு வேறு பெயர். ஒரு அலுவலகத்தில் சரியாகவும் இன்னொன்றில் பிழையாகவும் பதிந்தால் தேடும்போது ஆள் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போதும் இதே இடறல். ‘அவ்வை’ என்று பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை, பழைய ஏடுகளிலும் அந்த வழக்கு உண்டு.

வெருகல் | யூன் 11, காலை 5.50

கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு அடுத்த மாதம், ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ தெரியாது. பரணி என்று விழுந்தால் லி, லு, லே, லோ. அதற்கு இலக்கியப் பெயர் என்ன வைக்கிறது?

உவர்மலை | யூன் 11, இரவு 8.30

பரணிக்கும் ஆயிலியத்துக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. தொல்காப்பியப்படி லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலாக வராது, ஆகவே ‘லி’யிலோ ‘டு’விலோ தொடங்குகிற பழந்தமிழ்ப் பெயர் இருக்கவே முடியாது. க, த, ந, ப, ம ஐந்தும் எல்லா உயிரோடும் முதலாகும். அனுஷத்துக்கு இத்தனை பெயர் வந்து குவிந்ததும் அதனால்தான்.

வழி இரண்டு. கம்பர் இலட்சுமணனை இலக்குவன் ஆக்கினதுபோல முன்னால் ஓர் உயிரை வைக்கலாம்: இலிங்கன், உலோகநாதன். சாத்திரியார் ‘இ’, ‘உ’வைத் துணையெழுத்தாகக் கொண்டு உள்ளே இருக்கிற லகரத்தை எண்ணிக்கொள்வாரா என்று முன்கூட்டியே கேளுங்கோ, சிலர் கார்த்திகை எழுத்து என்று மறுப்பார்கள். மற்ற வழி, நட்சத்திரப் பெயரைச் சாதகத்துக்கும் 31ஆம் நாள் காதில் ஓதுவதற்கும் வைத்துக்கொண்டு, பதிவுக்கு வேறு பெயர் வைப்பது. பலர் செய்கிறார்கள். அப்படியென்றால் வெருகலில் நின்று வெளியே தேட வேண்டாம். வீரக்கோன் முதலியாரின் ‘வெருகல் சித்திர வேலாயுதர் காதல்’ உங்கள் ஊர் நூல்தான்.

தம்பலகாமம் | யூன் 11, இரவு 8.45

வீரக்கோன் முதலியார் எங்கள் ஊர்க்காரர். ஆண்பிள்ளை என்றால் சித்திரவேல். கோணேசர் கல்வெட்டு சொல்கிற குளக்கோட்டனும் இருக்கிறான், அது திருவாதிரை முதல் பாதத்துக்கும் அவிட்டம் மூன்றாம் பாதத்துக்கும் பொருந்தும். பெண்பிள்ளை என்றால் கோணேசர் கோயில் அம்மாளின் பெயர், மாதுமை. மகத்தில் பிறந்தால் எழுத்தும் சரி, பரணியில் பிறந்தால் பதிவுக்கு மட்டும்.

கிண்ணியா | யூன் 11, இரவு 9.10

மாதுமைக்கு ஆங்கிலத்தில் எம்-ஏ-ஏ-டி-எச்-யூ-எம்-ஏ-ஐ என்று எழுதுங்கோ. ஒரு ‘ஏ’யை விட்டால் ‘மதுமை’ என்று வாசிப்பார்கள்.